சீட்டுக்கு அடியில் ஓர் அடுப்பு!

மாருதி ஆம்னி ஓட்டியவர்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் உண்மை உண்டு. மற்ற கார்களில் இன்ஜின் பானெட்டுக்குள் இருக்கும். அது பாட்டுக்கு அது, நாம் பாட்டுக்கு நாம். ஆம்னியில் அப்படி இல்லை. இன்ஜின் இருப்பது முன் சீட்டுக்கு நேர் கீழே! ஓட்டுகிறவர் இட்லி மாதிரி மேலே உட்கார்ந்திருக்க, கீழே 796 சி.சி. அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். சித்திரை மாதத்தில் திண்டிவனம் தாண்டுவதற்குள் பதமாக வெந்துவிடலாம்.

1984-ல் 'மாருதி வேன்' என்று வந்த வண்டி. பிற்பாடு 'ஆம்னி' ஆயிற்று. 2019-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இடைப்பட்ட 35 வருஷத்தில் அது பார்க்காத உத்தியோகம் இல்லை. ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றியது, ஆம்புலன்ஸாக ஓடியது, சினிமாவில் கதாநாயகியின் தங்கையைக் கடத்தியது (அந்தத் தள்ளு கதவே கடத்தலுக்கென்று செய்ததுதானோ என்று எனக்குச் சந்தேகம்!).

எங்கள் வீட்டு ஆம்னி நோட்டுப் புத்தகம் சுமந்தது. பல்லாவரத்தில் அப்பாவுக்கு ஸ்டேஷனரி கடை. 2009 அக்டோபரில் புது வண்டியாக எடுத்தார். எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு அம்மாவிடம் ஒரு வாக்கும் கொடுத்தார். "ஒருநாள் உன்னை இதுலயே ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போறேன் பாரு!"

ஜூன் வந்தால் ஸ்கூல் சீசன். அது முடிந்தால் சரஸ்வதி பூஜை சீசன். பிறகு காலண்டர், டைரி சீசன். பிறகு பரீட்சை அட்டை சீசன். கடைக்காரருக்கு ஏது சார் லீவு? 2021 மே மாதத்தில், நிறையப் பேர் போன அந்த மாதத்தில், அப்பாவும் போய்விட்டார். அப்போதிருந்த நிலைமை உங்களுக்கே தெரியும். முகம்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. சடங்கு என்று எதையும் முறையாகச் செய்ய முடியவில்லை.

அதிலிருந்து அம்மாவுக்கு ஒரே கோரிக்கை. "ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்துல அப்பாவுக்குத் திதி குடுத்துடுடா. வேற ஒண்ணும் கேக்கலை."

"கேட்கலை" என்று சொல்லிக்கொண்டே மூன்று வருஷம் கேட்டாள். நான்தான் தள்ளிப்போட்டேன். காரணமும் இருந்தது. அம்மாவுக்கு இடுப்பில் டிஸ்க் பிரச்னை. அரை மணிக்கு மேல் உட்கார முடியாது, படுக்க வேண்டும். பஸ் ஆகாது. ரயில் என்றால், 2022 டிசம்பரிலேயே பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. நான் சொல்கிற 2024-ல் ரயில் கரையோடு நின்றுவிடும். அங்கே இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பஸ் மாறி... வேண்டாம்.

யோசனை சொன்னவன் என் மச்சினன். சதா போனில் வெள்ளைக்காரர்கள் வேனிலேயே சமைத்து, வேனிலேயே தூங்கி ஊர் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை. "மாமா, நம்ம ஆம்னியைக் கேம்பர் வேன் ஆக்கிடலாம்!" என்றான்.

ஆக்கினோம். பின் சீட்டை மடக்கி, மேலே ஒரு பிளைவுட் பலகை. அதன் மேல் இலவம்பஞ்சு மெத்தை. ஜன்னலுக்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் திரை. ஒரு ஃப்ளாஸ்க், ஒரு குடம் தண்ணீர். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "பிரசவ வார்டு மாதிரி இருக்கு" என்றாள். வெள்ளைக்காரனுக்கு இப்படி ஒரு மனைவி வாய்த்திருந்தால் கேம்பர் வேன் என்ற ஒன்றே வந்திருக்காது.

இன்னொரு கணக்கும் என் மனசில் இருந்தது. வண்டிக்கு வரும் அக்டோபரோடு 15 வருஷம் முடிகிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். செலவு பண்ணுவதா, தள்ளிவிடுவதா? நான் பி.காம். வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம், குறைந்து செல் மதிப்பு முறை. இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கு வாங்கிய வண்டியின் இன்றைய புத்தக மதிப்பு கிட்டத்தட்ட 19,200 ரூபாய். ஒரு புரோக்கர் 40,000 தருவதாகச் சொல்லியிருந்தார். லாபம்! அம்மாவின் ஆசையை நிறைவேற்றிவிட்டு வந்து விற்றுவிடுவது என்று எனக்குள் தீர்மானம். அம்மாவிடம் சொல்லவில்லை.

கிளம்புவதற்கு முன், எங்கள் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஒர்க் ஷாப்பில் வண்டியை விட்டேன். 'ஜெனரல் செக்கப்' என்று 4,200 ரூபாய் பில் வந்தது. கம்ப்யூட்டர் பில். கூலண்ட் 650 உட்பட பதினோரு வரிகள். அதைப் படித்ததும் வண்டிக்குப் புது ரத்தமே ஏற்றிய மாதிரி தெம்பாக இருந்தது.

*

2024 ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. ஆடிப் பதினெட்டு. மறுநாள் ஞாயிறு, ஆடி அமாவாசை. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். நான் டிரைவர். பக்கத்தில் மனைவி. பின்னால் மெத்தையில் அம்மா. அம்மாவின் காலடியில் மிச்சமிருந்த ஒன்றரை சதுர அடியில் மச்சினன், மடித்து வைத்த குடை மாதிரி.

அந்த வருஷம் ஜூலை 30-ம் தேதிதான் மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு நிரம்பியிருந்தது. திருச்சி பைபாஸில் கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டும்போது அம்மா எழுந்து உட்கார்ந்து திரையை விலக்கினாள். இரு கரையும் தொட்டுப் பழுப்பாகப் போகிறது தண்ணீர். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அவர் இருந்தா வண்டியை நிறுத்தச் சொல்லியிருப்பார்" என்றாள்.

புதுக்கோட்டையும் தாண்டியாயிற்று. மணி ஒன்றேகால். என் மனைவி நெளிந்தாள்.

"என்னங்க, சீட்டு சுடுது."

"ஆடி வெயில்."

"வெயில் மேலேருந்துதானே வரும்? இது கீழேருந்து வருதே?"

கல்யாணமான இந்த ஒன்பது வருஷத்தில் அவள் சொன்ன மிகச் சரியான வாக்கியம் அதுதான். டாஷ்போர்டைப் பார்த்தேன். டெம்பரேச்சர் முள் 'ஹெச்' என்ற எழுத்தைத் தாண்டி, அதற்கு மேல் போக இடம் இல்லாமல் நின்றிருந்தது. ஓரங்கட்டுவதற்குள் 'புஸ்ஸ்' என்று சத்தம். கீழேயிருந்து ஆவி. அம்மாவை இறக்கிப் புளிய மரத்தடியில் பெட்ஷீட் விரித்துப் படுக்க வைத்தோம்.

மச்சினன் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகக் கை வைத்தான். அப்போது ரோட்டில் டி.வி.எஸ். ஃபிப்டியில் போன ஒரு பெரியவர், வண்டியை நிறுத்தாமலே கத்தினார். "ஏய் தம்பீ! மூடியத் தொடாதே! மூஞ்சி வெந்துரும்!" கொஞ்ச தூரம் போய், மனசு கேட்காமல் திரும்பி வந்தார். அவர் மட்டும் கத்தவில்லையென்றால் இந்தக் கட்டுரையை நான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதியிருப்பேன்.

அதற்குள் நான் இன்ஷூரன்ஸோடு சேர்த்து வாங்கிய 'வழித்துணை உதவி'க்குப் போன் போட்டிருந்தேன். ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்தினேன். இன்னொன்றுக்கு நாலை அழுத்தினேன். இதமான இசை. பிறகு ஒரு இனிமையான குரல், "சார், பக்கத்தில் ஏதாவது மால் இருக்கிறதா?" என்று அடையாளம் கேட்டது. சுற்றிப் பார்த்தேன். ஒரு ஆடு இருந்தது. "ஆறு மணி நேரத்தில் ஆள் வருவார்" என்றது குரல்.

பெரியவர் சிரித்தார். "திருமயம் ஒன்றரை கிலோமீட்டர்தான் தம்பி. நம்மாளு ஒருத்தரு இருக்காரு. இன்னைக்குக் கடை அடைச்சிருப்பாரு. வீடு பின்னாலதான். கூப்பிட்டா வருவாரு."

கூப்பிடப் போய்விட்டார். பத்து நிமிஷத்தில் ஒரு குட்டியானை வந்தது (யானை இல்லை சார், லோடு வண்டி!). கயிறு கட்டி எங்கள் கேம்பர் வேனை இழுத்துக்கொண்டு போனது. வழியெல்லாம் சனங்கள் சிரிப்பதற்கு வசதியாக மெதுவாகத்தான் போனது.

*

தகரக் கொட்டகை. வாசலில் வேப்ப மரம். பின்னால் திருமயம் கோட்டை, மலை மேல் வைத்த மகுடம் மாதிரி. கடை பாதி சாத்தியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயசிருக்கும். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை, நெற்றியில் திருநீறு. மெக்கானிக் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

"மகளுக்குத் தலை ஆடி. மாப்பிள்ளை வந்திருக்காக. அதான் கடை போடலை" என்றார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. மெத்தையைப் பார்த்தார். குட்டியானையின் முன் சீட்டிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிய அம்மாவைப் பார்த்தார்.

"எங்க போறீக?"

"ராமேஸ்வரம். காலையில அப்பாவுக்குத் திதி..."

"ஆத்தா, நீங்க உள்ள வந்து கட்டில்ல படுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது வேட்டி இல்லை. கறை படிந்த கைலியும் காக்கிச் சட்டையும். இப்போது மெக்கானிக் மாதிரி இருந்தார். பின்னாலேயே பட்டு வேட்டியில் புது மாப்பிள்ளை. திருப்பூரில் ஆபீஸ் உத்தியோகமாம். அடுத்த நாலு மணி நேரம் அவர் கையில் டார்ச் லைட் இருந்தது. தலை ஆடிக்கு வந்த மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் டார்ச் லைட் கொடுத்தது சரித்திரத்தில் அதுவே முதல் முறையாக இருக்கும்.

முன் சீட்டைத் தூக்கினார். ஆவி அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார். அவசரமே இல்லை. மோந்து பார்த்தார். ஆயில் அளக்கிற கம்பியை உருவி, விரலில் தடவி, வெளிச்சத்தில் காட்டினார்.

"பாருங்க. பால் காபி கலர்ல இருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருச்சுன்னு அர்த்தம். ஹெட் கேஸ்கட் போச்சு, ரெண்டு நாள் வேலை. இது கருப்பாத்தான் இருக்கு. பொழச்சீக. இன்னும் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா ஹெட்டு வளைஞ்சிருக்கும். அது அலுமினியம், தாங்காது."

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு சின்னச் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார். 'கடக் கடக்' என்று ஆடியது. ஆறாம் வகுப்பில் விழுகிற பல் மாதிரி.

"வாட்டர் பம்ப். பேரிங் போயி, சீல் ஒழுகி, தண்ணி பூரா வெளியேறிருச்சு." கீழே மிச்சம் சொட்டிய தண்ணீரைக் கையில் பிடித்துக் காட்டினார். துரு கலந்த வெறும் தண்ணீர். "கூலண்ட் ஊத்தவே இல்லியே தம்பி?"

என் பையில் 650 ரூபாய்க் கம்ப்யூட்டர் வரி பத்திரமாக இருந்தது. எடுத்துக் காட்ட வெட்கமாக இருந்தது.

"பம்ப் எப்ப மாத்துனது? ஏதாச்சும் குறிப்பு இருக்கா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. டாஷ்போர்டு பெட்டியில் அப்பாவின் நோட்டு. அவர் கடையில் விற்ற அதே 40 பக்க நோட்டுதான். வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு வேலையையும் தேதி, கிலோமீட்டர், ரூபாய் என்று மூன்று பத்தி போட்டு எழுதியிருப்பார். எடுத்துக் கொடுத்தேன். மெக்கானிக் கையைக் கைலியில் துடைத்துவிட்டு வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"மனுசன் என்னமாக் கணக்கு வச்சிருக்காரு!" என்றார். கடைசியாக எழுதியிருந்த பக்கத்தில் நின்றார். சத்தமாகவே படித்தார். "11.4.2021. 98,640 கி.மீ. ஆயில் மாற்றியது. பம்ப்பில் லேசாகச் சத்தம். அடுத்த சர்வீசில் மாற்றவும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உங்கப்பா சொல்லியிருக்காரே தம்பி!"

அந்த வரிக்குக் கீழே பக்கம் வெறுமையாக இருந்தது. மூன்று வருஷம். ஊரில் உள்ள அத்தனை கடைக்காரர்களுக்கும் நான் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பற்று, வரவு, தேய்மானம். இந்த நோட்டை ஒரு தடவை திறக்கவில்லை. வண்டியும் இந்த மூன்று வருஷத்தில் மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. அதனால்தான் அந்தப் பம்ப் இதுவரை வந்திருக்கிறது. இல்லாவிட்டால் எப்போதோ நடுத்தெருவில் நிறுத்தியிருக்கும்.

*

அடுத்த சிக்கல், பம்ப் வேண்டும். ஆடிப் பதினெட்டு. புதுக்கோட்டைக்குப் போன் போட்டார், கடை சாத்தியாயிற்று. இன்னொரு கடை, எடுக்கவில்லை. காரைக்குடியில் ஒருவர் எடுத்தார். சரக்கு இருக்கிறது, கொண்டுவர ஆள் இல்லை.

"நான் டாக்ஸி பிடிச்சுப் போய்ட்டு வந்துடறேன்" என்றேன்.

"என்னத்துக்கு ஆயிர ரூவா? பஸ்ல போட்டுவிடச் சொல்றேன்."

நம் நாட்டில் ஆயிரம் கூரியர் கம்பெனி வரட்டும் சார், பஸ் கண்டக்டருக்கு ஈடாகாது. ரசீது கிடையாது, ஓ.டி.பி. கிடையாது. 'திருமயம் ஸ்டாப்பிங்ல ஒரு பையன் நிப்பான்' என்று ஒரு வாக்கியம். அவ்வளவுதான் விலாசம்.

காத்திருந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து சாப்பாடு வந்தது. ஆடிப்பெருக்குக்குச் செய்த சித்ரான்னம். புளியோதரை, எலுமிச்சம் சாதம், தேங்காய் சாதம், வடகம். வேண்டாம் என்று மரியாதைக்கு ஒரு தடவை சொன்னேன். அந்த வீட்டம்மா, "பதினெட்டாம் பெருக்கு அன்னைக்கு வாசலுக்கு வந்தவுகளைப் பட்டினி போட்டா எங்களுக்கு ஆகுமா?" என்றார். இரண்டாவது தடவை நான் சொல்லவில்லை. மூன்றாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் அம்மா. பல்லாவரத்தில் 'மாமி', 'ஆன்ட்டி' என்றே கேட்டுப் பழகியவள் அன்றைக்குத்தான் 'ஆத்தா' ஆகியிருந்தாள். மூன்று வருஷமாக எங்களிடம் பேசாததையெல்லாம் அந்த வீட்டம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. "ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது, கடைச் சாவி எங்கேன்னு கேட்டார்மா. அதான் கடைசி." எனக்கே அது தெரியாது.

மச்சினன் கோட்டை பார்த்துவிட்டு வந்தான். 1687-ல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் இதுதான். அவன் அதையெல்லாம் போனில் பார்த்து எனக்கு வாசித்துக் காட்டினான். ஏறிப் பார்த்த கோட்டையைப் பற்றிக் கேட்டதற்கு, "செமயா காத்து மாமா" என்றான்.

நாலேமுக்காலுக்கு பஸ் வந்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி தினசரிப் பேப்பரில் சுற்றிய டப்பாவை நீட்டினார். நான் இருபது ரூபாய் கொடுத்தேன். "டீ குடிச்சாச்சு சார்" என்று விசில் ஊதிவிட்டார்.

டப்பாவைப் பிரித்தால் பம்ப் இருக்கிறது, அதற்கு அடியில் வைக்கிற பேக்கிங் இல்லை. பேக்கிங் இல்லாமல் மாட்டினால் திரும்ப ஒழுகும். என் முகம் தொங்கிவிட்டது. மெக்கானிக்கின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பேக்கிங் ஷீட் ஒன்றை எடுத்தார். பம்ப்பின் முகத்தில் வைத்தார். சின்னச் சுத்தியலால் விளிம்பு ஓரமாகவே 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டு வந்தார். கத்தரி இல்லை, அளவு இல்லை, பென்சில் கோடு இல்லை. தட்டி முடித்துப் பிய்த்ததும் பம்ப்பின் அச்சு அப்படியே ஓட்டைகளோடு கையில் வந்தது! புது மாப்பிள்ளை டார்ச்சைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார். மாமனார் முறைத்தார். டார்ச் மேலே வந்தது.

பம்ப், பெல்ட், கூலண்ட் எல்லாம் ஏறியது. "ஹோஸையும் மாத்திடுங்களேன்" என்றேன், வீறாப்பாக. அமுக்கிப் பார்த்தார். "நல்லாருக்கு. எதுக்குக் காசைக் கரியாக்குறீக?"

இன்ஜின் ஓடியது. "கிளம்பலாமா?" என்றேன்.

"இருங்க. உள்ள காத்து நின்னிருக்கும். அதை எடுக்காமப் போனா தேவகோட்டையில திரும்பக் கொதிக்கும். பச்சப் புள்ளைக்குப் பால் குடுத்துட்டு ஏப்பம் விடாமப் படுக்க வைப்போமா?"

அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, குமிழ் குமிழாக ஏப்பம் விட வைத்தார். ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்ததும்தான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அவரே ஓட்டிக்கொண்டு கோட்டையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் போய்வந்தார். முள் நடுவில் நின்றது, நல்ல பிள்ளையாக.

மணி ஏழு. பில் கேட்டேன். காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் நாலு வரி எழுதினார். பம்ப் 950, பெல்ட் 220, கூலண்ட் 480, கூலி 400. மொத்தம் 2,050.

ஆடிப் பதினெட்டு அன்றைக்கு, மாப்பிள்ளை விருந்தை விட்டுவிட்டு, நாலு மணி நேரம். 400 ரூபாய்! நான் மூவாயிரம் கொடுத்தேன். எண்ணி, மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணே, இல்லேண்ணே, வச்சுக்கங்க..."

"கூலி 400தான் தம்பி. திதி குடுக்கப் போறவுக கிட்ட மேல வாங்கி நான் எங்க வைக்கிறது? உங்களுக்கு மனசு கேக்கலேன்னா, போறப்பக் கோட்டை பைரவருக்கு ஒரு தேங்கா ஒடைச்சிட்டுப் போங்க. இந்த ரோட்டுக்கு அவருதான் பெரிய மெக்கானிக். நான் அவருக்கு ஹெல்ப்பரு."

பிறகு, "அந்த நோட்டைக் குடுங்க" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே, அப்பா போட்ட அதே மூன்று பத்தியில், நிறுத்தி நிதானமாக எழுதினார்.

'3.8.2024. 1,01,512 கி.மீ. வாட்டர் பம்ப், பெல்ட் மாற்றியது. திருமயம். ரூ.2,050.'

அம்மா வாங்கிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அழுவாளோ என்று பயந்தேன். "அவர் கையெழுத்தை விட இது நல்லாருக்குடா" என்றாள்.

*

பைரவர் கோயில் ரோட்டோரத்திலேயே இருக்கிறது. அந்த வழியாகப் போகிற வண்டிக்காரர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். தேங்காய் உடைத்தோம். அறுபதுக்கு மேல் போகாமல் காரைக்குடி, தேவகோட்டை, ராமநாதபுரம் என்று உருட்டிக்கொண்டு போய், நள்ளிரவில் பாம்பன் ரோட்டுப் பாலம் ஏறினோம். 1988-ல் திறந்த பாலம். இரண்டு பக்கமும் இருட்டு. காற்று வண்டியையே தள்ளுகிறது. "மெதுவாப் போடா" என்றாள் அம்மா. பயத்தில் இல்லை. திரையை விலக்கி, எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

ராமேஸ்வரத்தில் ரூமா? ஆடி அமாவாசைக்கு முதல் நாள் ராத்திரி அங்கே திண்ணைகூடக் கிடைக்காது. ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்தினோம். மச்சினனும் நானும் ரோட்டோரம் பெட்ஷீட்டில். மனைவி முன் சீட்டில். அம்மா மட்டும் தன் மெத்தையில், தன் சேலைத் திரைக்குள் நிம்மதியாகத் தூங்கினாள். அன்றைக்கு ராமேஸ்வரத்திலேயே சொந்தக் கட்டிலில் படுத்த யாத்ரீகர் அவள் ஒருத்திதான்.

விடியற்காலை அக்னி தீர்த்தம். கடல் தெரியாத அளவுக்குத் தலைகள். எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் சொல்லி முடித்தேன். கரையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இடுப்பு வலி என்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "கூட்டிட்டு வந்துட்டார் பாத்தியா" என்றாள். கூட்டிக்கொண்டு வந்தது நான்தான் என்று நான் திருத்தவில்லை.

எங்கள் காமர்ஸ் பாடத்தில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. காசு கொடுத்து வாங்கிய நற்பெயரைத்தான் ஐந்தொகையில் காட்டலாம். தானாகச் சம்பாதித்த நற்பெயரைக் காட்டக் கூடாது என்பது விதி. பரீட்சையில் ஐந்து மார்க் கேள்வி. அந்தத் தகரக் கொட்டகைக்காரர் இத்தனை வருஷத்தில் சம்பாதித்ததை எந்த ஆடிட்டரும் கணக்கில் ஏற்ற முடியாது. நான் நாலு மார்க் வாங்கினேன். விதி சரிதான் என்று அன்றைக்கு எழுதியதற்கு.

புரோக்கருக்குப் போன் போட்டு, வண்டி விற்பதற்கில்லை என்றேன். அக்டோபரில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் இரண்டு நாள் காய்ந்து பதிவைப் புதுப்பித்தேன். அதையும் நோட்டில் எழுதினேன், மூன்று பத்தி போட்டு.

போன வாரம் அம்மா காபியைக் கையில் கொடுத்துக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏன்டா, ராமேஸ்வரம் போனவங்க காசிக்கும் போனாத்தான் முழுப் பலன்னு சொல்றாளே?"

"ஃபிளைட்ல போலாம்மா."

"ஃபிளைட்ல படுத்துட்டு வர முடியுமா? வண்டிதான் நல்லா இருக்கே."

நான் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் டாஷ்போர்டிலிருந்து நோட்டை எடுத்து, அடுத்த பெல்ட் எப்போது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.